பக்கவாதத்துக்குப் பின் ரோபோ கைப்பயிற்சி: நீண்ட நாள் அனுபவம்

பக்கவாதத்தில் வலது கை செயலிழந்த பிறகு ரோபோ பயிற்சியில் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முன்கையை ஒரு தாங்கியில் வைத்துக் கட்டிவிடுவார்கள். எதிரே திரையில் புள்ளி தோன்றும், அதை நோக்கிக் கையை நகர்த்த வேண்டும். நம்மால் முடியாத மிச்சத் தூரத்துக்கு மோட்டார் இழுத்துக்கொண்டு போகும். ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்துவிடலாம். சேதமான இடத்தைச் சுற்றி மூளை புதிய பாதை போட்டுக்கொள்ள இப்படித் திரும்பத் திரும்பச் செய்வது அவசியம். கையைப் பிடித்துச் செய்துவிடும் தெரபிஸ்ட் யாருக்கும் அத்தனை தெம்பு இருக்காது. இந்த விஷயத்தில் இயந்திரத்துக்கு முழு மதிப்பெண்.

ஆனால் திரை காட்டும் ஸ்கோரை மட்டும் நம்பாதீர்கள். கை புள்ளியைத் தொட்டதா என்பதுதான் நான் பயன்படுத்தும் கருவிக்குத் தெரியும், எப்படித் தொட்டது என்று தெரியாது. ஸ்கோர் ஏறிக்கொண்டே போன சமயத்தில் என் பிசியோதெரபிஸ்ட் பின்னால் வந்து நின்று, தோள்பட்டையில் இரண்டு விரலை வைத்தார். "தோளைத் தூக்காம முழங்கையை மட்டும் நீட்டிப் பாருங்க" என்றார். கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அதுவரை உடம்பை முன்னால் சாய்த்துத்தான் எட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மார்புக்குக் குறுக்கே பெல்ட் போட்டு முதுகை நாற்காலியோடு சேர்த்துப் பிடித்தார், புள்ளிகளைக் கிட்டே கொண்டுவந்தார். ஸ்கோர் சரிந்தது. அப்புறம்தான் முழங்கை நிஜமாகவே நீளத் தொடங்கியது.

பிரிட்டனில் 770 பேரிடம் நடத்தப்பட்ட ராட்டுல்ஸ் ஆய்வின் முடிவு 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வழக்கமான சிகிச்சையைவிட ரோபோ பயிற்சியால் கையின் செயல்திறன் கூடுதலாக மேம்படவில்லை என்பதே அதன் முடிவு. எனக்கு இதில் வியப்பில்லை. திரையில் புள்ளியைத் தொடுவது வேறு, சட்டைப் பட்டனைப் போடுவது வேறு. அதனால்தான் என் தெரபிஸ்ட் ஒவ்வொரு முறையும் கடைசிக் கால் மணி நேரத்தை இயந்திரம் இல்லாமல் வைத்துக்கொள்கிறார்: பட்டன், பாட்டில் மூடி, சாவி. தூங்காமல் போன நாளில் விரல் விறைப்பைத் தொட்டே கண்டுபிடித்து, "இன்னைக்கு நீட்டிவிடுறது மட்டும் போதும்" என்பார். அந்தத் தொடுதல் இல்லையென்றால் பாதியிலேயே நின்றிருப்பேன் என்று உறுதியாகச் சொல்வேன்.

பணம் கட்டுவதற்கு முன் எந்த மாடல் கருவி என்று விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். பயிற்சி நேரம் முழுக்கப் பக்கத்தில் யார் இருப்பார், மோட்டார் தரும் உதவியின் அளவை யார் பார்த்துக் குறைப்பார் என்று கேளுங்கள். கையைக் கட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுவோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.