கடிகாரம் இருக்கும் படம், கடிகாரம் இல்லாத படம்: கர்ட்டிஸ் இணையத் தொகுப்பு – மதிப்புரை

வட அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றி ஒளிப்படக் கலைஞர் எட்வர்டு கர்ட்டிஸ் 1907 முதல் 1930 வரை 20 தொகுதிகளாக வெளியிட்ட நூல்வரிசையில் உள்ளவை, அவரே தேர்ந்து, திருத்தி, வாசகருக்குக் காட்ட விரும்பிய ஒளிப்படங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கும் தொகுப்போ, பதிப்புரிமைப் பதிவுக்காக அவர் அவ்வப்போது ஒப்படைத்த ஒளிப்படப் படிகளிலிருந்து உருவானது. நூலகத்திடம் உள்ள 2,400-க்கும் மேற்பட்ட படிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நூலில் இடம்பெறாதவை என்பதே இச்சேவையின் பெருமதிப்பு.

1910-ஆம் ஆண்டின் 'பீகன் கூடாரத்தில்' என்ற படத்தை எடுத்துக்கொள்வோம்; பீகன் என்பது ஒரு பூர்வகுடி இனம். தந்தையும் மகனும் அமர்ந்திருக்க, நடுவே ஒரு கடிகாரம் இருக்கிறது. நூலில் அச்சான படத்தில் அதைக் காணோம். 'மறைந்துவரும் இனம்' என்று 1904-இலேயே ஒரு படத்துக்குத் தலைப்பிட்டவருக்கு, நேரம் பார்க்கும் பீகன் குடும்பம் தோதுப்படவில்லை போலும். இணையத்தில் உள்ள படக்கோப்பைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது, அந்தக் கூடாரத்தில் என்னைக் கவர்ந்த உடைமை அந்தக் கடிகாரம்தான்.

குரோ என்றும் அழைக்கப்படும் அப்சாரொக்கே பூர்வகுடி மக்களின் சடலமேடையைக் காட்டும் 1908-ஆம் ஆண்டுப் படத்தில் என் நிலை வேறு. உயரமான கழிகளின்மேல், போர்வையில் சுற்றப்பட்டுக் கிடக்கும் உடலுக்குத் தலைப்பில் பெயர் இல்லை; இனத்தின் பெயர் மட்டுமே உண்டு. துக்க வழக்கம் என்ற பெயரில் பொருள்களை அழிப்பதை அமெரிக்க உள்துறையின் 1883-ஆம் ஆண்டு விதிகள் குற்றமாக்கியிருந்தன. துக்க வழக்கம் ஒன்றே தண்டனைக்குரியதாக இருந்த காலத்தில், இறந்தவரைப் படமெடுப்பதற்கு மட்டும் தடை இருக்கவில்லை. இவ்வரலாற்றைப் படத்தோடு சேர்த்துப் படிக்கும் பொறுப்பு பார்ப்பவருடையது. இத்தகைய படங்களைக் கண்ணாடிச் சட்டமிட்டு வரவேற்பறை அலங்காரமாக விற்கும் இணையக் கடை ஒன்றையும் கண்டேன். வாங்க மனம் வரவில்லை.

ஆய்வாளருக்கு உயர்தர டிஃப் (TIFF) படக்கோப்பு தாராளமாகப் போதும். தேடும்போது மட்டும் அப்சாரொக்கே, குரோ என்ற இரு பெயர்களையும் ஆங்கிலத்தில் இட்டுப் பார்க்க வேண்டும்.