ஆறு வருடம் கையில் இருந்த ரைஃபிள்: வாங்கும் முன் எதை ஒப்பிட வேண்டும்

ரைஃபிள் வாங்க முடிவு செய்த நாட்களில் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன். நான்கு மாடல், ஒவ்வொன்றுக்கும் எடை, பேரல் நீளம், எத்தனை தோட்டா கொள்ளும், எவ்வளவு துல்லியம். எழுதியதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஆறு வருடம் சுட்ட பிறகு எனக்குப் பெரிதாகத் தெரிகிற மூன்று விஷயங்களுக்கு அந்த நோட்டில் கட்டமே கிடையாது. தோட்டா நிரப்பும் மேகசின் எப்படி வேலை செய்கிறது, எந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஒத்துப்போகிறது, கழற்றித் துடைக்க எவ்வளவு நேரம் ஆகிறது. இந்த மூன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் பார்த்த நான்குமே '.22 லாங் ரைஃபிள்' என்ற சிறிய தோட்டா போடும் செமி ஆட்டோமேட்டிக், அதாவது ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. காகித இலக்கில் குறி பழகுவதற்கு அது போதும். சட்டமும் ஒரு காரணம். பிரிட்டனில் 1988 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு செமி ஆட்டோ ரைஃபிள் என்றால் .22 ரிம்ஃபயர் (அடி விளிம்பில் அடித்து வெடிக்கும் தோட்டா) மட்டும்தான். நியூசிலாந்தில் 2019 தடைக்குப் பிறகும் .22 தப்பியது, ஆனால் மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. அதனால் மாடல் பார்ப்பதற்கு முன்பே, உங்கள் நாட்டில் என்ன வைத்துக்கொள்ளலாம், எத்தனை தோட்டா வரை அனுமதி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான் வாங்கியது ரூகர் 10/22. 1964 முதல் சந்தையில் இருக்கும் மாடல். இதன் உயிர் அந்த 10 தோட்டாச் சுழல் மேகசினில் இருக்கிறது. .22 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். நேரான பெட்டி மேகசினில் கவனமில்லாமல் நிரப்பினால், மேல் தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். சுழல் மேகசினில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிப் பள்ளம், அதனால் இந்தத் தொல்லைக்கே இடமில்லை. ஸ்டாக்கை (துப்பாக்கியைத் தாங்கும் கட்டை) விட்டு வெளியே நீட்டிக்கொண்டும் இருக்காது. இடது கையால் துப்பாக்கியைத் தாங்கும்போது அந்தச் சமதளம் எவ்வளவு வசதி என்பது பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். நடுவில் ஒருமுறை வேறொரு நிறுவனத்தின் பெரிய மேகசின் வாங்கிப் போட்டேன். ஐந்தாறு தோட்டாவுக்கு ஒருமுறை தோட்டா மூக்கு மேலே நிமிர்ந்து சிக்கியது. துப்பாக்கியில்தான் கோளாறு என்று ஒரு மாதம் தேடினேன். பழைய மேகசினைப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது.

அடுத்தது தோட்டா. இந்த வகை ரைஃபிள்களில், தோட்டாவின் பின்பக்கத்தை மூடி நிற்கும் போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் பூட்டு எதுவும் இல்லை. போல்ட்டின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும்தான். தோட்டா வெடிக்கும் அழுத்தத்தில் காலிக் கூடு பின்னால் வந்து போல்ட்டைத் தள்ளுகிறது. தோட்டாவின் வேகம் போதாவிட்டால் போல்ட் முழு தூரம் போகாது, காலிக் கூடு வாசலிலேயே நின்றுவிடும். வினாடிக்கு 330 மீட்டருக்குக் கீழே போகும் சாதா வேகத் தோட்டா ஒலியின் வேகத்தைத் தாண்டாததால் பெரும்பாலும் இலக்கில் நெருக்கமாக விழும், ஆனால் எல்லா செமி ஆட்டோவும் அதை ஏற்றுக்கொள்ளாது. என்னுடையது பரவாயில்லை, துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தால் ஏற்கிறது. 50 மீட்டரில் மொத்தமாக விற்கும் பெட்டித் தோட்டாவில் ஐந்து சுட்டால் ஐந்தும் ஒரு எலுமிச்சம்பழ அகலத்தில் விழும். நல்ல சாதா வேகத் தோட்டாவில் அதே ஐந்தும் ஒரு பெரிய நாணயத்துக்குள் அடங்கும். துப்பாக்கி மாறவில்லை, தோட்டாதான் மாறியது. ஒரே பிராண்டில் பத்துப் பெட்டி வாங்காதீர்கள். பத்து பிராண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள்.

ஒரு கம்பெனியின் பெட்டியில் அடிக்கடி 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுபோனது. ரிம்ஃபயரில் தீப்பற்ற வைக்கும் கலவை அந்த விளிம்புக்குள்தான் இருக்கும். அடிபடும் இடத்தில் கலவை பரவாமல் விட்டிருந்தால் அப்படித்தான் ஆகும். அப்போது உடனே போல்ட்டை இழுக்காதீர்கள். தாமதமாக வெடிக்கவும் கூடும். துப்பாக்கியை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடமாவது பொறுங்கள்.

துடைக்கும் கதைக்கு வருகிறேன். 10/22 இல் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, சேஃப்டி பட்டனை நடுவில் நிறுத்தினால்தான் பேரலும் ரிசீவரும் (போல்ட் இருக்கும் உடல் பகுதி) ஸ்டாக்கிலிருந்து மேலே வரும். பிறகு இரண்டு பின்கள், ட்ரிகர் பகுதி தனியாக வந்துவிடும். அந்தப் பின்கள் தானாகவே வழுக்கி விழும், அதனால் கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்வேன். ரிசீவரின் பின்பக்கம் மூடியிருப்பதால் துடைக்கும் கம்பியைப் பின்னாலிருந்து நேராக விட முடியாது. முன்னாலிருந்து விட்டால் பேரல் வாயின் விளிம்பு தேயும், தேய்ந்தால் குறி போச்சு. நான் பேரலுக்குள் விட்டு இழுத்துத் துடைக்கும் இழுகயிறுதான் பயன்படுத்துகிறேன், தோட்டா அமரும் அறையிலிருந்து வாய்ப்பக்கமாக. ட்ரிகர் எனக்குக் கொஞ்சம் கனமாக இருந்தது. அதே நிறுவனத்தின் பி.எக்ஸ். ட்ரிகரைப் பத்து நிமிடத்தில் மாற்றிக்கொண்டேன்.

இந்தத் துடைக்கும் விஷயத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 15-22 தான் முதலிடம். இரண்டு பின் தள்ளினால் மேல் பாதியும் கீழ் பாதியும் பிரிந்துவிடும், கம்பி பின்னாலிருந்து நேராகப் போகும். 2009 இல் வந்தது, மேல் கீழ் இரண்டு ரிசீவரும் பாலிமர், அதனால் தோளில் கனம் தெரியாது. ஸ்டாக் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் வீட்டில் இரண்டு மூன்று பேர் சுடுவதென்றால் இதையே சொல்வேன்.

நண்பரின் மார்லின் மாடல் 60 ஐ ஒரு வருடம் மாற்றி மாற்றிச் சுட்டிருக்கிறோம். பேரலுக்கடியில் குழாய் மேகசின், 14 தோட்டா. தொலைக்கவோ உடையவோ தனி மேகசின் கிடையாது. குறி அருமை. ஆனால் நிரப்பும்போது உள்குழாயை இழுக்க, கை பேரல் வாய்க்குப் பக்கத்தில் போயாக வேண்டும். கடைசித் தோட்டா குழாயில் தங்கியிருக்கிறதா என்பதும் வெளியிலிருந்து தெரியாது. அவர் போல்ட்டைப் பலமுறை இழுத்து, அறைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உறையில் வைப்பார். புதிதாகப் பழகுபவருக்கு இதை நான் கொடுக்கமாட்டேன்.

நோட்டில் நான்காவதாக இருந்தது ப்ரௌனிங் எஸ்.ஏ.-22. ஜான் ப்ரௌனிங் வடிவமைத்து 1914 இல் வந்த பழைய கட்டமைப்பு. ஸ்டாக்குக்குள் குழாய், காலிக் கூடு கீழ்ப்பக்கம் விழும். எனக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை, நோட்டில் அதை அடித்துவிட்டேன். போன வருடம் என் தங்கையும் வாங்கக் கிளம்பினாள். அவள் இடது கைக்காரி. என் ரைஃபிளை அவள் சுட்டால் காலிக் கூடுகள் முகத்துக்குக் குறுக்கே பறக்கும், ஒவ்வொரு முறையும் கண் சிமிட்டுவாள். கடையில் ப்ரௌனிங்கைக் காட்டியதும் இரண்டு துண்டாகப் பிரித்தாள், சேர்த்தாள், மறுபடி பிரித்தாள். "இதைத்தான் எடுக்கிறேன் அண்ணா" என்றாள். சுடுதளத்தில் முதல் பத்து தோட்டாவிலும் கண் சிமிட்டவே இல்லை.