தோ பாயோ கார் நிறுத்துமிடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

சிங்கப்பூரில் அம்மாவை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அழைத்துச் செல்ல அண்ணனின் காரில் ஏறிச் சாவியைத் திருப்பியபோது, எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றியது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. பேட்டரி இறங்கியிருந்தால் அது முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றியிருக்கும், அல்லது ‘டிக் டிக்’ என்ற ஓசையோடு நின்றிருக்கும். இதை மெல்பர்னில் 11 ஆண்டுகளாகப் பழைய கார்களோடு மல்லுக்கட்டிய நான் காப்புறுதி நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தபோது தொலைபேசியிலேயே சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் காப்புறுதி எண், வாகன எண், புளோக் எண், தளம் என எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பேட்டரி மாற்றும் ஆளை அனுப்பிவைத்தார்.

அவர் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பூத்தட்டை மடியில் வைத்தபடி பின்னிருக்கையில் அமர்ந்திருந்த அம்மா, நடை சாத்திவிடுவார்களே என்று மூன்று முறை சொல்லிவிட்டார். வந்தவரோ நான் பேச வாயெடுப்பதற்குள் சாவியைத் திருப்பி, கால் நிமிடத்திற்குக் குறையாமல் எஞ்சினைச் சுற்றவிட்டார். ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் சுற்றவிட்டால் அது சூடேறிக் கெடும் என்பதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை போலும். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூச்சப்பட்ட அண்ணன், 180 வெள்ளி கொடுத்துப் புதிய பேட்டரி வாங்கினார். அதன்பின் எஞ்சின் முன்னிலும் வேகமாகச் சுற்றியது, அவ்வளவுதான். இனி இழுவை வண்டிதான் வழி என்றும், நிறுத்துமிடத்தின் கூரை தாழ்வாக இருப்பதால் அதற்கேற்ற வண்டிக்குத் தனிக் கட்டணம் என்றும் சொல்லிவிட்டு, பழைய பேட்டரியையும் எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

மெல்பர்னாக இருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று அண்ணனிடம் கத்தினேன். அங்கே ஜூன் மாதக் குளிரில் இரண்டரை மணி நேரம் சாலையோரத்தில் நின்றது அப்போது நினைவுக்கு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், அங்கே அன்று வந்த மெக்கானிக் முதலில் காது கொடுத்துக் கேட்டார்.

அந்தக் காதை அன்று மதியம் தோ பாயோவிலும் கண்டேன். அண்ணனுக்குத் தெரிந்த சின் மிங் பட்டறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர், தினமும் மலேசியாவின் ஜோகூரிலிருந்து பாலம் கடந்து வேலைக்கு வருபவர். “அண்ணே, கீயை ஆன் மட்டும் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்றார். பின்னிருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி கேட்க வேண்டிய மெல்லிய ரீங்காரம் கேட்கவில்லை. பெட்ரோல் பம்ப் ஓடவில்லை என்று அதற்குப் பொருள். பம்புக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலே கெட்டிருக்கலாம் என்று, ஹார்னுக்கு உரிய அதே வகை ரிலேயைக் கழற்றி அங்கே மாட்டிப் பார்த்தார், அப்போதும் மௌனம்தான். பிறகு காருக்கு அடியில் படுத்து, பெட்ரோல் டாங்கின் அடிப்பகுதியை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டியபடி சாவியைத் திருப்பச் சொன்னார். ரீங்காரம் எழுந்தது. அடுத்த திருப்பலில் எஞ்சின் பற்றிக்கொண்டது; அம்மா கும்பிட்டே விட்டார்.

உயிர் போகும் தறுவாயில் இருக்கும் பம்ப் இப்படித் தட்டினால் சற்று நேரம் விழித்துக்கொள்ளும், அதை நம்பி எங்கும் போகக் கூடாது, நேராகப் பட்டறைக்கு ஓட்டுங்கள், வழியில் அணைக்காதீர்கள் என்றார். டாங்கில் எப்போதும் கொஞ்சமாகவே பெட்ரோல் வைத்திருப்பீர்களா என்று அவர் கேட்டதும் அண்ணன் தலையைச் சொறிந்தார். பம்பைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிரவைக்கிறது. ஜோகூருக்குப் போய்வந்த காலத்தில், முக்கால் டாங்கு இல்லாமல் உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடியைக் கடக்க முடியாது என்பதால் நிரப்பிக்கொண்டிருந்தவர், அம்மாவின் முழங்கால் வலிக்குப் பிறகு அந்தப் பயணங்கள் நின்றதும் இருபது வெள்ளி, முப்பது வெள்ளி என்று போடத் தொடங்கியிருக்கிறார்.

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை, பத்தாண்டு முடிந்ததும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த 12 வயதுக் கார் இது. இன்னும் மூன்றாண்டில் கட்டாயம் உடைக்கப் போகும் வண்டிக்குப் புதிய பம்ப் தேவையா என்று அண்ணி கேட்டார். மெல்பர்னில் என் கார் அதைவிட மூத்தது, யாரும் அதைப் பரிதாபமாகப் பார்ப்பதில்லை என்றேன். பம்ப் மாற்றினார்கள். இளைஞரைச் சாப்பிட அழைத்தபோது, பாலத்தில் நெரிசல் தொடங்குவதற்குள் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். கோயிலுக்கு நாங்கள் மாலைதான் போனோம், டாங்கை நிரப்பிக்கொண்டு.