தாத்தா காலத்துத் தங்க வாட்ச்: பட்டேக்கா, பியாஜேயா, ஒமேகாவா?

புதுச்சேரியில் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்) வீடுகளில் பீரோவைத் துழாவினால் தாத்தா சைகோனிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தங்க வாட்ச் கிடைத்தாலும் கிடைக்கும். போன மாதம் நண்பன் கொண்டுவந்தது அப்படி ஒரு ஒமேகா, 18 காரட், சாவி கொடுக்கிறது. பின்மூடிக்குள் ஹெல்வெட்டியா என்கிற பெண் தலை, அது ஸ்விஸ் முத்திரை. ஸ்ட்ராப் மாட்டும் காதின் ஓரத்தில், லென்ஸ் வைத்தால்தான் தெரிகிற மாதிரி, கடுகளவு ஆந்தை. ஆந்தை இருந்தால் பிரான்ஸ் கணக்கில் இறக்குமதியான தங்கம்.

சரி, சேர்ப்பதென்றால் எதைச் சேர்ப்பது? எல்லோரும் முதலில் சொல்வது பட்டேக் பிலிப் 96, 1932இல் வந்த கலட்ராவா என்கிற மாடல். அகலம் 31 மில்லிமீட்டர்தான், இன்றைய பையன்கள் பொம்பளை வாட்ச் என்பார்கள், ஆனால் கேஸிலிருந்து காது வழிந்து இறங்குகிற அந்த அழகுக்கு எனக்கு மறுபேச்சு கிடையாது. வம்பு என்னவென்றால் இதில் ஏமாந்தால் ஏமாறுவதும் பட்டேக் விலைக்குத்தான். எந்த வருஷம் செய்தது என்று கம்பெனியே பழைய பதிவேட்டைப் பார்த்துக் காகிதம் தரும், ஆனால் நடுவில் யாரோ டயலுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்ததை அந்தக் காகிதம் சொல்லாது.

அடுத்தது பியாஜே 9பி, 1957. மெஷினே 2 மில்லிமீட்டர் கனம்தான். பார்க்க ஆசை, கழற்றத் தெரிந்த ஆள் வேண்டுமே! வியர்வையும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் நான் தொடமாட்டேன்.

என் ஓட்டு ஒமேகாவின் 30 மில்லிமீட்டர் அகல மெஷினுக்கு. 1939இல் தொடங்கி 1963 வரை ஏறக்குறைய 30 லட்சம் செய்தார்கள், அப்புறம் தங்கக் கேஸுக்குள் இருப்பதும் ஸ்டீல் கேஸுக்குள் இருப்பதும் அதே குடும்பம்தான், அதனால் ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் ஓடாத ஸ்டீல் வாட்ச் ஒன்றை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். அரிது எது என்றால் மெஷின் இல்லை, பாலிஷ் படாத தங்கக் கேஸ். என்னுடைய முதல் வாட்சைக் கடலூரில் ஒரு பட்டறையில் பளபளப்பாக்கக் கொடுத்தேன். காதின் விளிம்பு சோப்புக்கட்டி மாதிரி மழுங்கி, முத்திரையும் சேர்ந்து போய்விட்டது.

நண்பன் இன்னும் விலை சொல்லவில்லை. அவன் அம்மா ஆசாரியிடம் காட்டினாராம், கேஸை உருக்கினால் ஒரு பவுன் தேறும் என்றாராம். அதிலிருந்து தினமும் அவனுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.