பத்து சென்ட் தீவன நிலம்: மக்காச்சோளமா, சோளமா, கம்பா?

இரண்டு கறவை மாடு, நாலைந்து ஆடு, இருபது நாட்டுக்கோழி. குமரி மாவட்டத்தில் சின்ன அளவில் கால்நடை வைத்திருக்கும் வீடு என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். பக்கத்தில் பத்து சென்ட் வெறுமனே கிடந்தால் மரச்சீனி (மரவள்ளி) நடுவோம், இல்லாவிட்டால் வாழை வைப்போம். தீவனத்துக்கென்று தானியப் பயிர் போடுகிற பழக்கம் நம்மிடம் அவ்வளவாக இல்லை. புண்ணாக்கும் கலப்புத் தீவனமும் விற்கிற விலையில் இப்போது அந்தக் கேள்வி வருகிறது. கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் மானாவாரியாகவே மக்காச்சோளம் எடுக்கிறார்களே, நமக்கு ஏன் முடியாது?

முளைக்க வைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. நம் மண்ணில் மூன்றுமே வரும். சிக்கல் அறுவடையில்தான். ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து வடகிழக்கு. இடையில் விடுகிற வெயிலை நம்பிக் கதிரைக் காயவைக்க முடியாது. தானியத்தை ஈரப்பதம் 12 சதவீதம் அளவுக்கு இறக்காமல் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். மக்காச்சோளத்தில் பிடிக்கும் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கோழிக்கு ஈரல் கெடும், மாட்டுக்குக் கொடுத்தால் பாலிலும் வரும். ஓரளவு நம்பிக் காயவைக்கக்கூடிய காலம் பிப்ரவரி முதல் மே நடுவரைதான். கும்பப்பூ நெல் அறுத்த வயலும் அப்போது சும்மா கிடக்கும். ஆனால் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை பிப்ரவரி கடைசியில் அடைத்தால் மறுபடி ஜூனில்தான் திறப்பார்கள். ஆக, காயப்போட வெயில் இருக்கும் மாதங்களில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். கிணறோ போரோ இல்லாதவர் தானியக் கனவை இங்கேயே விட்டுவிடலாம்.

கிணறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 20 வாக்கில் விதைத்தால் மக்காச்சோளம் முற்ற நூறு நாள் பக்கம் ஆகும். மே கடைசி வந்துவிடும். சோளமும் ஏறக்குறைய அப்படித்தான். கோடைமழை ஏற்கெனவே நனைத்திருக்கும், பருவமழை வாசலில் நிற்கும். கம்பு 80 முதல் 90 நாளில் முடிகிறது. அந்தப் பத்துப் பதினைந்து நாள் வித்தியாசம் கரிசல்காட்டில் பெரிய விஷயமில்லை. இங்கே கதிர் காய்வதும் முளைவிடுவதும் அதில்தான் இருக்கிறது.

ஆகவே தானியமாக எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு என் ஓட்டு கம்புக்கு. அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் கடற்கரையை ஒட்டிய மணல் நிலத்திலும் வரும், தண்ணீர் குறைவாகக் கேட்கும், கோழிக்கு உடைக்காமல் அப்படியே வீசலாம். புரதமும் மக்காச்சோளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். விளைச்சல்தான் குறைவு: இறவையில் நன்றாகப் பார்த்தால் சென்ட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ. பத்து சென்ட்டில் நூறு கிலோ என்று வைத்தால், ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 50 கிராம் தானியம் போடும் வீட்டில் இருபது கோழிக்கு நூறு நாள் ஓடும். மோசமில்லை.

ஆனால் பறவைகளுக்கு ஒரு பங்கு உண்டு, அது சின்னப் பங்கு இல்லை. ஊரெல்லாம் கம்பு விளைகிற இடத்தில் குருவியும் கிளியும் பல காட்டுக்குப் பிரிந்து போகும். சுற்றிலும் தென்னையும் வாழையுமாக இருக்கிற ஊரில் பத்து சென்ட் கம்பு என்றால் மொத்தக் கூட்டமும் அங்கேதான் இறங்கும். பால் பிடிக்கும் நேரத்தில் நைலான் வலை போட வேண்டும், அல்லது காலையும் மாலையும் ஆள் நிற்க வேண்டும். வீட்டில் பகலில் யாரும் இல்லையென்றால் கம்பு வேண்டாம். பூக்கும் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் கதிரில் தேன்போல ஒழுகும் எர்காட் நோய் வரும். அந்தக் கதிரில் கறுப்பாக நீண்டு வருவது நஞ்சு, கோழிக்கும் போடக் கூடாது.

மக்காச்சோளக் கதிருக்கு மேலே தோகை போர்த்தியிருப்பதால் குருவித் தொல்லை இல்லை. கிளியும் மயிலும் கிழிக்கும், அணில் கடிக்கும், அவ்வளவுதான். கீரிப்பாறை, பேச்சிப்பாறை மாதிரி காட்டை ஒட்டிய இடங்களில் கணக்கே வேறு: மரச்சீனியைக் கிண்டுகிற காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை இன்னும் ஆசையாகத் தின்னும். அங்கே வேலி இல்லாமல் விதைப்பது பன்றிக்குப் பந்தி வைப்பதுதான். தானியம் சென்ட்டுக்கு இருபது கிலோவரை எடுக்கலாம் என்பதும், அதன் மஞ்சள் நிறமி முட்டைக் கருவுக்கு நல்ல நிறம் கொடுக்கும் என்பதும் மக்காச்சோளத்தின் பலம். வெள்ளைச் சோளமோ கம்போ தின்கிற கோழிக்குக் கீரையும் புல்லும் கிடைக்காவிட்டால் கரு வெளிறிவிடும். இருந்தாலும் சொல்கிறேன், மக்காச்சோளத் தானியத்தை இங்கே விளைவிக்க மெனக்கெட வேண்டாம். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து காய்ந்த தானியமாகவே வருகிறது. நமக்கு மே மழையில் நனைந்த கதிரோடு மல்லுக்கட்டுவது மிச்சம்.

அதே மக்காச்சோளத்தைப் பச்சையாக வெட்டுவதாக இருந்தால் கதை மாறிவிடும். அறுபதிலிருந்து எழுபது நாளுக்குள், கதிரில் பால் பிடித்ததும், தட்டையோடு சேர்த்து வெட்டி மாட்டுக்குப் போட வேண்டும். தோகையை லேசாக விலக்கி ஒரு மணியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெள்ளைப் பால் பீச்சினால் நேரம் சரி. தண்ணீராக வந்தால் இன்னும் ஒரு வாரம் விடலாம். மாவாக நசுங்கினால் பச்சைத் தீவனத்துக்குக் கொஞ்சம் தாமதம், ஆனால் சைலேஜுக்கு, அதாவது காற்றுப் புகாமல் மூடிவைத்துப் புளிக்கவைக்கும் ஊறுகாய்த் தீவனத்துக்கு, அருமையான பக்குவம். ஆப்பிரிக்கன் டால் ரகம் இதற்கென்றே இருப்பது. எக்டேருக்கு 40 கிலோ விதை, அதாவது பத்து சென்ட்டுக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். வரிசைக்கு ஓர் அடி இடைவெளி. எக்டேருக்கு 40 டன் என்பது நல்ல பராமரிப்பில் கிடைக்கும் விளைச்சல். பத்து சென்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 1,600 கிலோ. நாளைக்கு 20 கிலோ தின்கிற மாட்டுக்கு எண்பது நாள் வரும்.

அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எண்பது நாள் தீவனம் ஒரே வாரத்தில் பக்குவத்துக்கு வந்து நிற்கும். அதனால் பத்து சென்ட்டையும் ஒரே நாளில் விதைக்காமல், பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை இரண்டு சென்ட்டாக விதைத்து வர வேண்டும். இல்லையா, சைலேஜ் போடுங்கள். காயவைக்க முடியாத ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை: பொடியாக வெட்டி, பிளாஸ்டிக் டிரம்மில் அடுக்கடுக்காகக் காற்றில்லாமல் மிதித்து, இறுக மூடினால் நாற்பத்தைந்து நாளில் தயார். மழை பெய்தாலும் கவலையில்லை, வெட்டுகிற அந்த ஒரு நாள் மட்டும் வானம் விட்டால் போதும். புல் வெட்டும் இயந்திரம் கட்டாயம் வேண்டும். அரிவாளால் வெட்டி இதைச் செய்யப் பார்ப்பவர் இரண்டாவது டிரம்மிலேயே வெறுத்துவிடுவார்.

படைப்புழுவையும் கணக்கில் வைக்க வேண்டும். 2018இல் இந்தியாவுக்கு வந்த இந்த அமெரிக்கப் புழு மக்காச்சோளம் எங்கே இருந்தாலும் தேடி வரும். குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. பத்து சென்ட் என்பதால் காலையில் நடந்து கையால் பொறுக்கி நசுக்கலாம். அறுபது நாளில் மாட்டின் வாய்க்குப் போகிற பயிருக்கு மருந்தடிக்க எனக்கு மனம் வராது.

சோளத்துக்கு வருவோம். தினம் ஒரு கட்டுப் பச்சை வேண்டும், திரும்பத் திரும்ப விதைக்க நேரமில்லை என்பவர்களுக்குக் கோ எஃப்எஸ் 29 ரகம் மாதிரியான மறுதாம்புச் சோளம், அதாவது வெட்ட வெட்டத் துளிர்க்கும் சோளம். எக்டேருக்கு 5 கிலோ விதைதான், பத்து சென்ட்டுக்கு 200 கிராம். முதல் வெட்டு 65 நாளில், பிறகு 50 நாளுக்கு ஒரு வெட்டு. எக்டேருக்கு வருடத்துக்கு 170 டன் என்கிறது வேளாண் பல்கலைக்கழகம். அதில் பாதி கிடைத்தாலே பத்து சென்ட்டிலிருந்து வருடத்துக்கு மூன்று டன்னுக்கு மேல். மக்காச்சோளத்தைவிட வறட்சி தாங்கும். ஆனால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை சுற்றுகிற மாதங்களில் உயரமாக வளரவிட்டால் சாய்ந்துவிடும். அங்கே முன்கூட்டியே வெட்டலாம் என்றால் நஞ்சு குறுக்கே நிற்கிறது.

இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு உண்டு. மரச்சீனி இலையைத் தின்று ஆடு வாயில் நுரை தள்ளி விழுவதைப் பார்த்த ஊர் இது. சோளத்திலும் அதே நஞ்சுதான். “மக்களே, வாடின மரச்சோளத்த மாட்டுப் பக்கம் கொண்டுபோகாதே” என்று பக்கத்து வீட்டு ஆச்சி ஒருமுறை சத்தம் போட்டார். மரச்சீனியையும் சோளத்தையும் ஒரே பெயராக்கிவிட்டாலும் விஷயம் சரி. முழங்கால் உயரப் பயிர், தண்ணீரில்லாமல் வாடிய பயிர், வெட்டிய பிறகு துளிர்க்கும் இளந்தளிர், இந்த மூன்றிலும் அது அதிகம். பாதிக் கதிர் பூத்த பிறகு வெட்டினால் பயமில்லை. கோ எஃப்எஸ் வகையில் நஞ்சு குறைவு, அதற்காக வாடிய நேரத்தில் அவிழ்த்துவிட்டு மேய்க்கலாம் என்று அர்த்தமில்லை. தின்ற மாடு மூச்சு வாங்கித் தள்ளாடினால் கைவைத்தியம் பார்க்க நேரம் கிடையாது, உடனே கால்நடை மருத்துவர் ஊசி போட்டாக வேண்டும். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற கன்றோ, வேலி தாண்டுகிற ஆடோ உள்ள வீட்டில் மறுதாம்புச் சோளத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மக்காச்சோளத்திலும் கம்பிலும் இந்தப் பயம் இல்லை.

சோளத் தானியத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முற்றும்போது மழை தட்டினால் திறந்த கதிரில் பூஞ்சணம் பிடிக்கிறது, குருவியும் விடுவதில்லை. கம்பின் குறையும் மக்காச்சோளத்தின் தாமதமும் சேர்ந்து வந்தால் எதற்கு?

தென்னைக்கு ஊடே போடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஏழு வயதுக்கு உட்பட்ட கன்றுத் தோப்பிலும், இருபத்தைந்தைத் தாண்டி வெளிச்சம் விழும் தோப்பிலும் வரும். நடுவயதுத் தோப்பில் மூன்றுமே நூல் போல் நீண்டு சாயும். அங்கே கினியா புல் நடுங்கள், நிழலில் அதுதான் தாக்குப்பிடிக்கும். ரப்பருக்குள் எதையும் யோசிக்க வேண்டாம்.

மக்காச்சோளமோ சோளமோ, பச்சைக்காகப் போடுகிறவர் மூன்று வரிசைக்கு ஒரு வரிசை தட்டைப்பயறு சேர்த்து விதைத்தால் புரதம் கூடும், புண்ணாக்கில் கொஞ்சம் மிச்சமாகும். ஏலாவில் (நெல் வயலில்) போடும்போது மட்டும் பார் பிடித்து, பார் மேல் விதையுங்கள். நெல் வயல் மண்ணில் ஒரு கோடைமழைத் தண்ணீர் இரண்டு நாள் நின்றாலே மக்காச்சோளக் குருத்து மஞ்சளாகிவிடும். தட்டைப்பயறு அழுகியே போகும்.