ஃபைக்கானா, எஃப்சிபியா: நாங்கள் எடுத்த முடிவு

மெயின்ஃப்ரேம் என்னும் பெருங்கணினி இருப்பது கடல் கடந்து, அதைக் கவனிக்கும் நாங்கள் இருப்பது மதுரை இலந்தைக்குளத்தில். போன வருடம் அதில் ஓடும் நாற்பது லினக்ஸ் கெஸ்ட்களுக்கு (மெய்நிகர் கணினிகளுக்கு) டிஸ்க்கை மெயின்ஃப்ரேமுக்கே உரிய இணைப்பு முறையான ஃபைக்கானில் கொடுப்பதா, மற்ற சர்வர்களும் பயன்படுத்தும் எஃப்சிபியில் கொடுப்பதா என்று பெரிய பேச்சு. நான் ஃபைக்கான் கட்சி. ஜெயித்ததும் அதுதான், சாய்வைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபைக்கானுக்கு முந்தைய இணைப்பான எஸ்கானைச் சேர்க்கவில்லை. 1990-இல் வந்தது, நொடிக்கு 17 மெகாபைட் வரைதான். 1998-இல் ஃபைக்கான் வந்தபின் மெல்ல ஒதுங்கிவிட்டது.

மற்ற இரண்டுக்கும் கண்ணாடி இழை ஒன்று, ஸ்விட்ச் ஒன்று, கார்டுகூட ஒன்றுதான். மெஷினிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் வழியான சேனலை எந்த வகை என்று அறிவிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். வேகத்தில் எஃப்சிபி முந்தும், மறுக்கவில்லை. அதில் லன்னை (ஸ்டோரேஜ் தரும் டிஸ்க் துண்டை) வேண்டிய அளவில் வெட்டிக்கொள்ளலாம். ஃபைக்கானில் எங்களிடம் இருப்பது 54 ஜிபி வால்யூம்கள். ஒரு டெராபைட் வேண்டுமென்றால் இருபதை அடுக்க வேண்டும். ஒரே வால்யூமில் பல வேலையை ஒரே நேரத்தில் நடக்கவிடும் ஹைப்பர்பேவ் இல்லாவிட்டால் ஒரு வால்யூமுக்கு ஒரு நேரத்தில் ஒரு ஐ/ஓதான் (படிப்பதோ எழுதுவதோ).

என்னை இழுத்தது பராமரிப்பு. ஃபைக்கானில் எந்த டிவைஸ், எந்தச் சேனல் வழி என்பதெல்லாம் மெஷினின் ஐ/ஓ கணக்கில் முன்பே எழுதியிருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்து மொய் நோட்டு மாதிரிதான்: நோட்டில் இல்லாத பேருக்குப் பேச்சே இல்லை. எழுதுவது எரிச்சல்தான். ஆனால் பாதை மாற்றும் வேலையைச் மெஷினுக்குள் சேனல்களை நடத்தும் சேனல் சப்சிஸ்டமே பார்த்துக்கொள்ளும், லினக்ஸுக்குத் தெரியவே வேண்டாம்.

ஒரு ராத்திரி அங்கே கேபிள் மாற்றியவர் முனையைத் துடைக்காமலே செருகிவிட்டார். இங்கே திரையில் 'எஃப்0' (நான்கு பாதையும் சரி) என்று இருக்க வேண்டிய பாதைக் குறி '70' ஆகியிருந்தது. நான்கில் முதல் பாதை போயிருக்கிறது. ஒரு கெஸ்ட்கூட முனகவில்லை. எந்த ஸ்விட்ச் போர்ட் என்று இணைப்புக் கோளாறுச் செய்தியே சொன்னது. போனில் சொல்லித் துடைக்க வைத்தேன், 'எஃப்0' திரும்பியது.

அடுத்த வாரம் எஃப்சிபி பக்கம் அதே கதை. சோதனைக்கு வைத்திருந்த இரண்டு கெஸ்ட்டில் ஒன்றில் மல்டிபாத்தை (ஒரு பாதை போனால் இன்னொன்றுக்கு மாற்றும் லினக்ஸ் வசதியை) ஆன் செய்ய மறந்திருந்தார்கள். அதன் ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகி, எதையும் எழுத முடியாமல் நின்றது.

மறதியைத் திருத்திக்கொள்ளலாம், எண்ணிக்கையை என்ன செய்வது? ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் தனி அடையாளம் தரும் என்பிஐவி போட்டால் கெஸ்ட்டுக்கு நான்கு பாதை, பாதைக்கு ஒரு டபிள்யூடபிள்யூபிஎன் (போர்ட் அடையாள எண்): நாற்பது கெஸ்ட்டுக்கு மொத்தம் 160. ஒவ்வொன்றுக்கும் ஸ்விட்சில் ஜோனிங் (யார் யாரோடு பேசலாம் என்ற பட்டியல்), ஸ்டோரேஜில் லன் மாஸ்கிங் (எந்த லன் யாருக்கு என்ற பட்டியல்). புது மெஷினுக்குப் போகும்போது அந்த 160-உம் மாறும். புது எண்களை முன்கூட்டியே சொல்லும் கருவி இருக்கிறது, சரி. உட்கார்ந்து ஏற்றுவது யார்?

தூரத்தைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன். கடல் கடந்து அங்கே இருக்கும் எங்கள் இரண்டு சைட்டுக்கும் நடுவே 20 கிலோமீட்டர்கூட இல்லை. ஒளி இழையில் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட் எடுக்கும், இந்தத் தூரத்தில் அது உறைக்கவில்லை. 100 கிலோமீட்டர் என்றால் ஸ்விட்சின் பஃபர் கிரெடிட்டை (பதிலுக்குக் காத்திராமல் எத்தனை ஃபிரேம் அனுப்பலாம் என்ற கணக்கை) முதலில் எண்ணிப் பாருங்கள். அது போதாவிட்டால் இரண்டுமே திணறும்.

பெரிய டேட்டாபேஸ் கெஸ்ட் ஒன்றை மட்டும் எஃப்சிபியிலேயே விட்டுவிட்டோம். அதன் மல்டிபாத் ஃபைலில் முதல் வரியில் என் பெயர் இருக்கிறது. ராத்திரி போன் எனக்குத்தான் வரும்.