ஐநேச்சுரலிஸ்ட்: ‘இதுவரைதான் தெரியும்’ என்று சொல்ல இடம் தரும் சேவை

உயிரினங்களை அடையாளம் காண உதவும் செயலிகளில் நான் தொடர்ந்து பயன்படுத்தி வருவது ஐநேச்சுரலிஸ்ட். 2008இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்களின் திட்டப்பணியாகத் தொடங்கிய இது, பிறகு கலிஃபோர்னிய அறிவியல் கழகத்தின் கீழும் நேஷனல் ஜியோகிராஃபிக் சங்கத்தின் துணையோடும் வளர்ந்து, 2023 முதல் தனித்தியங்கும் இலாப நோக்கற்ற அமைப்பாகச் செயல்பட்டு வருகிறது. கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. ஆனால் நான் இதைப் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம், ஓர் உயிரினத்தைப் பற்றி எந்த நிலை வரை உறுதியாகத் தெரிகிறதோ அந்த நிலையிலேயே நின்றுகொள்ள இது அனுமதிக்கிறது என்பதே.

படத்தைப் பதிவேற்றியதும் கணினி சில பரிந்துரைகளைத் தருகிறது. படம் தெளிவாக இல்லாவிட்டாலோ நெருங்கிய சிற்றினங்கள் பல இருந்தாலோ, பட்டியலின் தலைப்பில் ஒரு பேரினத்தையோ குடும்பத்தையோ காட்டி, இந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதில் ஓரளவு உறுதி உண்டு என்று மட்டும் சொல்கிறது. இதை ஏற்றுக்கொண்டு அங்கேயே நிறுத்துவது முழுமையான, மதிப்புள்ள பதிவு. வகைப்பாட்டியலைப் பாடமாகப் படித்தபோது உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று வரிசையாக மனப்பாடம் செய்தவர்களுக்கு, அந்த ஏழு நிலைகளும் எதற்காக இருக்கின்றன என்பது இங்கேதான் புரியும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். பூவின் மேல் அந்தரத்தில் நின்று பறக்கும், மஞ்சளும் கறுப்புமான பட்டைகள் கொண்ட ஒரு சிறு பூச்சியைப் படம் எடுத்தவர் அதைத் தேனீ வகை என்று குறிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மற்றொருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். உணர்கொம்புகள் மிகக் குட்டையாக இருக்கின்றன. கண்கள் தலையின் பெரும்பகுதியை நிறைக்கின்றன. சிறகுகள் இரண்டு மட்டுமே, பின்சிறகுகள் இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரு சிறு உறுப்புகள் தெரிகின்றன. தேனீக்கு நான்கு சிறகுகள் உண்டு. ஆகவே இது தேனீயின் தோற்றத்தைக் கொண்டு தற்காத்துக்கொள்ளும் சிர்ஃபிட் ஈ என்று அவர் குறிக்கிறார். இந்தக் கட்டத்தில் தளம் யார் பக்கமும் சாய்வதில்லை. இரண்டு கருத்துகளுக்கும் பொதுவான மேல்நிலைக்கு, அதாவது சிறகுள்ள பூச்சிகள் என்ற பிரிவுக்கு, அந்தப் பதிவை உயர்த்தி வைக்கிறது. மேலும் சிலர் பார்த்துக் கருத்துத் தெரிவிக்கும்போது அது மீண்டும் கீழே இறங்கி உரிய குடும்பத்தை அடைகிறது. கருத்து வேறுபாட்டை வகைப்பாட்டு மரத்தைக் கொண்டே தீர்த்துவைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

குறைந்தது இருவர் கருத்துச் சொல்லி, அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் சிற்றின அளவில் ஒத்துப்போனால், தேதியும் இடமும் உள்ள பதிவு ‘ஆய்வுத் தரம்’ பெறுகிறது; படம் எடுத்தவர் தேர்ந்த உரிமம் இடம் கொடுத்தால் ஜிபிஃப் என்ற உலகளாவிய பல்லுயிர்த் தரவுத்தளத்துக்கும் சென்று சேர்கிறது. ‘ஆய்வுத் தரம்’ என்ற அடைமொழி சற்று மிகையானது என்பது என் கருத்து. அந்தப் பிரிவையே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவரின் கருத்துக்கும் நேற்றுச் சேர்ந்தவரின் கருத்துக்கும் இங்கே ஒரே எடைதான். கணினியின் பரிந்துரையை ஒருவர் அப்படியே ஏற்க, மற்றொருவர் ஆராயாமல் ஆமோதித்தாலும் அந்தத் தரம் கிடைத்துவிடும். எனவே பயன்படுத்துவோர் தாங்கள் கண்ணால் கண்ட பண்பை வைத்து மட்டுமே ஆமோதிக்க வேண்டும்.

வகைப்பாட்டில் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தளத்தில் உள்ள வகைப்பாட்டு மரம் ஒன்றே போதும், பல மாலைகள் அதில் கழியும். உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் பிரித்து விட்டேக்கர் என்ற அறிவியலாளர் 1969இல் முன்வைத்த வகைப்பாட்டோடு நின்றுவிட்டவர்கள் இங்கே சில வியப்புகளைச் சந்திப்பார்கள். கடலடியில் காடுபோல் வளரும் கெல்ப் என்னும் பழுப்புப் பாசி தாவர உலகத்தில் இல்லை, குரோமிஸ்டா என்ற தனி உலகத்தில் இருக்கிறது. சளிப்பூஞ்சைகள் பெயரில் மட்டுமே பூஞ்சைகள். அவை புரோட்டோசோவா என்ற மற்றோர் உலகத்தின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. பெயர்கள் மாறும்போது பழைய பதிவுகளும் கூடவே மாறுகின்றன. அகேசியா என்ற பெரும் பேரினத்தின் பெயர் ஆஸ்திரேலிய இனங்களுக்கே உரியது என்று 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் முடிவானதன் விளைவாகக் கருவேல மரம் இப்போது வாச்செல்லியா நிலோட்டிகா. பழைய பெயரைத் தேடினாலும் தளம் நம்மைப் புதிய பெயரிடம் கொண்டு சேர்க்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த வகைப்பாட்டு மரம் பழைய மரபையே பின்பற்றுகிறது. முதலைகள் பல்லிகளைவிடப் பறவைகளுக்கே நெருங்கிய உறவுடையவை என்பது பரிணாம ஆய்வில் உறுதிப்பட்ட செய்தி. எனினும் தளத்தில் ஊர்வன ஒரு வகுப்பு, பறவைகள் மற்றொரு வகுப்பு. தேடுவதற்கு இது எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகைப்பாடு உறவுமுறையைக் காட்ட வேண்டும் என்று கருதுபவர்களுக்கு இது உறுத்தவே செய்யும்.

எந்தச் செயலியும் படத்தில் இல்லாததைச் சொல்ல முடியாது. இதுவரை விவரிக்கப்பட்ட சிற்றினங்கள் ஏறத்தாழ 20 லட்சம். செல்லில் உட்கரு உடைய சிற்றினங்கள் மட்டுமே சுமார் 87 லட்சம் இருக்கலாம் என்று 2011இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. பாக்டீரியாக்களை இப்படி அடையாளம் காண வழியில்லை. பல வண்டுகளையும் சிறு ஈக்களையும் பிறப்புறுப்பின் அமைப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரிக்க முடியும். அவற்றுக்குப் பேரினத்தோடு நிற்பதே நேர்மை. மற்றவற்றுக்கு, படம் எடுக்கும் முறை பெரிதும் கைகொடுக்கும். காளானின் குடைக்கு அடிப்புறத்தையும் காம்பின் அடியையும் சேர்த்து எடுங்கள். செடியில் பூவோடு நிறுத்தாமல், இலைகள் தண்டில் எதிரெதிராக உள்ளனவா மாறி மாறி உள்ளனவா என்பது தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள்.

அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் துல்லியமான இருப்பிடத்தைத் தளம் தானாகவே மறைத்து, அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் 0.2 பாகை அளவுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஓரிடமாகக் காட்டுகிறது. வீட்டருகே எடுத்த படங்களுக்கு இதே மறைப்பை நாமே தேர்ந்துகொள்ளலாம். முதல் பதிவுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை அது. சிறுவர்களுக்கு இதே அமைப்பின் சீக் செயலி பொருத்தமானது. அதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. கேமராவை அருகே கொண்டு செல்லச் செல்ல, வகைப்பாட்டு நிலைகளைக் குறிக்கும் புள்ளிகள் திரையில் ஒவ்வொன்றாக நிரம்புகின்றன. பிறருடைய பதிவுகளை அடையாளம் காண விரும்புவோர் கைப்பேசியை விட்டுக் கணினியில் தளத்தைத் திறப்பது நல்லது. பெரிய திரையில் படங்களை அடுத்தடுத்துப் பார்க்கவும், நெருங்கிய சிற்றினங்களோடு ஒப்பிடவும், காரணத்தை இரண்டு வரியில் எழுதிவைக்கவும் அங்கே வசதி அதிகம்.